தரையை அளந்தது போதும், தேங்காயை அளந்து பாருங்கள்

அண்ணன் மகள் சேலத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள். அணுகுண்டு சோதித்த தீவில் ஜனங்களை மறுபடி குடிவைப்பது எப்படி என்று புராஜெக்ட். "சித்தப்பா, நீங்கதான் சொல்லணும்" என்றபோது, வாழப்பாடி பக்கம் உரக்கடை வைத்திருப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நினைத்தேன். அப்புறம் படித்துப் பார்த்தால் பாதிப் பதில் என் குடோனிலேயே மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. இதே தலைப்பை எடுக்கிற பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று எழுதுகிறேன்.

கதிர்வீச்சை அளக்கிற மீட்டரைத் தூக்கிக்கொண்டு தீவைச் சுற்றுவதற்கு முன்னால் அடுப்படிக்குப் போங்கள். தேங்காய் எத்தனை, இளநீர் எவ்வளவு, சீமைப்பலா, தாழம்பழம் எவ்வளவு, கப்பலில் வரும் அரிசி எவ்வளவு என்று சமைக்கிற பெண்களிடம் கேளுங்கள். பசிபிக் கடலில், மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினி என்ற பவளத்தீவில் கோட்டைவிட்டது இங்கேதான். 1946 இல் 167 பேரை வெளியேற்றிவிட்டு 1958 வரை 23 குண்டு வெடித்தார்கள், 1968 இல் திரும்பிப் போகலாம் என்று அமெரிக்கா அறிவித்தது, நம்பிப் போன குடும்பங்களின் உடம்பில் குண்டு விட்டுப்போன கதிரியக்கப் பொருளான சீசியம் 137 ஏறிக்கொண்டே போனதால் 1978 இல் மறுபடி வெளியேற்ற வேண்டியதாயிற்று. அங்கே கதிர்வீச்சின் பெரும்பங்கு தரையிலிருந்து வரவில்லை, சாப்பாட்டில் வந்தது. உள்ளூரில் விளைவதை மட்டுமே சாப்பிட்டால் வருடத்துக்குச் சுமார் 15 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கிற அலகு) ஆகும் என்று சர்வதேச அணுசக்தி முகமை 1998 இல் கணக்குச் சொன்னது. இயற்கையாக வருவதன் உலக சராசரியே 2.4 தான்.

அடுத்தது மண். நம் பக்கத்துக் களிமண் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பவளத்தீவு மண் அப்படியில்லை, சுண்ணாம்பு மணல், அதில் சாம்பல் சத்தும், அதாவது பொட்டாசியமும், போதிய அளவு கிடையாது. பொட்டாசியத்துக்கு ஏங்குகிற தென்னை, அதைப் போலவே இருக்கிற சீசியத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

சரி, வைத்தியம்? நம் தோப்புக்காரர்கள் வட்டப்பாத்தி எடுத்துத் தூவுகிற அதே சிவப்புப் பொட்டாஷ்தான், கையில் ஒட்டினால் செங்கல் பொடி மாதிரி இருக்குமே, அது. மரத்துக்குப் பொட்டாசியம் கிடைத்துவிட்டால் சீசியம் ஏறுவது பத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கிவிடுகிறது. தீவு முழுக்க மேல்மண்ணைச் சுரண்டினால் சீசியத்தோடு இருக்கிற கொஞ்சம் வளமும் போய் வெறும் மணல்தான் மிஞ்சும். அதனால் வீட்டைச் சுற்றி மட்டும் சுரண்டி நொறுக்கிய பவளக்கல்லைப் பரப்புங்கள், தோப்புக்குப் பொட்டாஷ் போடுங்கள். குடியேறிய பிறகு ஆட்களை, உடம்புக்குள் எவ்வளவு சீசியம் இருக்கிறது என்று காட்டும் முழு உடல் அளவீட்டுக் கருவியில் தவறாமல் அளந்து, அவரவர் கணக்கை அவரவரிடமே கொடுங்கள்.

ஒன்று மறக்காதீர்கள், பொட்டாஷ் சீசியத்தை அழிக்காது, வழியை அடைக்கிறது, அவ்வளவுதான். சீசியம் பாதியாகக் குறையவே 30 வருடம் ஆகும். உரத்தை நிறுத்தி, மண்ணில் போட்டது தீர்ந்தால் தேங்காயில் மறுபடி ஏறும். அண்ணன் மகள் பொட்டாஷ் செலவை ஒரே ஒரு வருடத்துக்குத்தான் போட்டிருந்தாள். இருபதாவது வருடம் அந்த மூட்டைக்கு யார் காசு கொடுப்பது, எந்தக் கப்பலில் வரும் என்று எழுதிக்கொண்டு வா என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.