மேட்டில் ட்யூன் செய்த எஞ்சின் கடற்கரைக்கு இறங்கும்போது

பெரிய வெள்ளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து, டர்பனில் இருக்கும் எனக்கு அக்கா மகன் போன் செய்தான். பழைய சிட்டி கோல்ஃபுக்கு டர்போ போட்டு, ஈசியூ (எஞ்சினுக்குப் பெட்ரோலையும் பொறியையும் கணக்கிட்டு விடும் கணினி) மாட்டி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தானே ட்யூன் செய்து முடித்துவிட்டானாம். "மாமா, மாரியம்மன் திருவிழாவுக்கு மவுண்ட் எட்ஜ்கூமுக்கு இதிலேயே வர்றேன்" என்றான். பெரிய வெள்ளியை ஒட்டித் திருவிழா நடக்கும் அந்தக் கோயில் இங்கே டர்பன் பக்கம்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 14 வருடத்துக்கு முன்னால் நானும் அதே ஊரிலிருந்து, அதே திருவிழாவுக்கு, நானே ட்யூன் செய்த கோல்ஃபில் இறங்கி வந்தவன்தான்.

ஆயில் பாருங்கள், கூலன்ட் பாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். வீட்டில் ட்யூன் செய்கிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

டைமிங் லைட் இல்லாமல் டைமிங்கைத் தொடுவது

டைமிங் என்றால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பிளக் பொறி விடுகிறது என்பது. திரையில் 10 டிகிரி என்று காட்டினால், ஈசியூ அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். கிராங்க் என்ன நினைக்கிறது என்பதை டைமிங் லைட்தான் சொல்லும். மென்பொருளில் டைமிங்கை 10இல் பூட்டி வைத்துவிட்டு, புல்லியில் உள்ள குறியில் லைட்டை அடித்துப் பாருங்கள். அங்கே 14 தெரிந்தால் உங்கள் மேப்பில் (ஈசியூவில் நாம் எழுதும் எண் அட்டவணை) இருக்கும் ஒவ்வொரு கட்டமும் 4 டிகிரி கூடுதலாக ஓடுகிறது. நடுவில் ரப்பர் வைத்த பழைய புல்லி என்றால் இன்னும் கவனம் வேண்டும். வெளி வளையம் மெல்ல நழுவியிருக்கும், குறியே இடம் மாறியிருக்கும். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, புதிதாகக் குறி போடுங்கள். அரை மணி நேர வேலை.

வைட்பேண்ட் காட்டும் எண்ணை அப்படியே நம்புவது

வைட்பேண்ட் என்பது எக்ஸாஸ்டில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்துக் காற்று-பெட்ரோல் விகிதம் சொல்லும் சென்சார். அதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் குறைவு என்று காட்டும். பிளக் ஒழுங்காகப் பொறி விடாவிட்டாலும் அப்படித்தான் காட்டும், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வருவதால். இதை அறியாமல் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். முதலில் கசிவைத் தேடுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு செட்டிங்கை மாற்றுவது

கூடாது.

உயரத்தை மறப்பது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான். என் காசை விழுங்கியதும் இதுதான்.

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் 83 கிலோபாஸ்கல். டர்பனில் 101. அதாவது ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் இங்கே ஐந்தில் ஒரு பங்கு அதிகக் காற்று உள்ளே போகிறது. கம்பெனியிலிருந்து வந்த எஞ்சினுக்கு இது பிரச்சினையே இல்லை. காற்றை அளக்கும் சென்சாரும், தட்டலை (பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிக்கும் சத்தம்) கேட்கும் நாக் சென்சாரும் பார்த்துக்கொள்ளும். நாம் வீட்டில் மாட்டிய ஈசியூவுக்கு நாம் எழுதிக் கொடுத்தது மட்டும்தான் தெரியும்.

அப்போது என் காரில் நான்கு த்ராட்டில் பாடி, அதாவது சிலிண்டருக்கு ஒன்றாகக் காற்று விடும் கதவு, இருந்தது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்பிஎம் எவ்வளவு, இந்த இரண்டை மட்டும் பார்த்துப் பெட்ரோல் விடும் மேப். காற்றழுத்தத் திருத்தம் என்று ஒரு பக்கம் மென்பொருளில் இருந்தது, நான் திறந்தே பார்க்கவில்லை. லெனேசியாவில் முழு த்ராட்டிலில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.8 பங்கு காற்று என்று அழகாக நின்றது. அதே பெட்ரோலோடு கடற்கரைக் காற்று சேரும்போது அது 15.5 ஆகிவிடும். பெட்ரோல் முழுதாக எரிய 14.7 போதும், முழு சுமையில் அதைவிடவும் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். போதாததற்கு, மெல்லிய காற்றில் தட்டாததால் டைமிங்கை 34 டிகிரி வரை தள்ளி வைத்திருந்தேன்.

டர்பன் வழியில் வான் ரீனன் கணவாய் இறங்கி வரும்போது கார் இன்னும் வேகமாக இழுப்பதுபோல் இருந்தது. கடல் காற்று என்று சொல்லி மகிழ்ந்தேன். மறுநாள் கோயிலிலிருந்து திரும்பும்போது, காரில் நான்கு பேர், என்2 சாலையில் முழுதாக அழுத்தினேன். கண்ணாடி ஜன்னல்கள் இறக்கியிருந்தன, காற்றின் இரைச்சலில் தட்டல் கேட்கவில்லை. பின்னால் நீலப் புகை வந்தபோதுதான் தெரிந்தது. மூன்றாவது பிஸ்டனில் இரண்டு ரிங்குக்கு நடுவே இருக்கும் சுவர் உடைந்துபோயிருந்தது. 18,000 ராண்ட் செலவு, நான்கு மாதம் பஸ் பயணம். அதே அமைப்பு இப்போது டர்பனில் 29 டிகிரிக்கு மேல் போனால் தட்டுகிறது.

"எங்கிட்ட மேப் சென்சார் இருக்கே மாமா, அதுவே அழுத்தத்தைப் பார்த்துக்குமே" என்றான் அக்கா மகன். மேப் சென்சார் என்பது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது; மேப் அட்டவணை வேறு. புதியவர்கள் எல்லோரும் சொல்வது இது. சென்சார் பார்க்கும், சரி. பார்த்துவிட்டு மேப்பில் எந்தக் கட்டத்துக்குப் போகும்? அவன் டர்போ 0.7 பார், அதாவது 70 கிலோபாஸ்கல், தருகிறது. அந்த 0.7 சுற்றியுள்ள காற்றின் மேல்தான் ஏறும். லெனேசியாவில் கூட்டினால் 153 கிலோபாஸ்கல், டர்பனில் 171. மேப்பில் அழுத்தம் 160, 170 என்று இருக்கும் வரிசைகளை அவன் எஞ்சின் ஒருநாளும் தொட்டதில்லை. அங்கே இருப்பவை இணையத்திலிருந்து இறக்கிய அடிப்படை மேப்பின் எண்கள். யாருடைய எஞ்சினுக்கு எழுதியவையோ.

டர்போ இல்லாத காருக்கும் இதே கதைதான். மேலே 83ஐத் தாண்டாத எஞ்சின் இங்கே 90, 100 வரிசைகளில் ஓடும்.

இன்னொன்று. சில ஈசியூக்கள் வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சாவி போடும்போது ஒருமுறைதான் படிக்கும். கணவாய்க்கு மேலே இருக்கும் ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போட்டுவிட்டு நிறுத்தாமல் இறங்கினால், டர்பன் வரை அது தன்னை மேட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். திருத்தம் போட்டிருந்தாலும் வழியில் இரண்டு இடத்தில் அணைத்துப் போடுங்கள்.

டர்பனிலிருந்து மேலே போகிறவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. கார் கொஞ்சம் சோம்பும், பெட்ரோல் கொஞ்சம் அதிகம் குடிக்கும், அவ்வளவுதான். இறங்கும் வழியில்தான் எஞ்சின் போகும்.

அதனால் மேலே ட்யூன் செய்யும்போதே தொடாத வரிசைகளை உங்கள் கையால் நிரப்புங்கள். கீழ் வரிசைகள் ஏறும் போக்கிலேயே பெட்ரோலைக் கூட்டி, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சேருங்கள். டைமிங்கில் 5, 6 டிகிரி எடுத்துவிடுங்கள். மந்தமாக இருக்கட்டும். இங்கே வந்ததும் டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் உருளை மேடை) அந்த வரிசைகளை ஒவ்வொன்றாகப் பதிவு எடுத்துச் சரிசெய்யலாம்.

மேலே நிரப்பிய 93 ஆக்டேன் பெட்ரோல்

ஆக்டேன் குறைந்தது, கடற்கரைக் காற்றில் எளிதில் தட்டும். அது டேங்கில் தீரும்வரை கீழே முழுதாக அழுத்தாதீர்கள்.

அக்கா மகனிடம் ஃபைலை அனுப்பச் சொன்னேன். 160, 170 வரிசைகளைத் திறந்தால் 28 டிகிரி எழுதியிருக்கிறது. குறைத்து 18ஆக்கித் திருப்பி அனுப்பினேன். பூஸ்ட்டை (டர்போ தள்ளும் அழுத்தம்) குறைக்கும்படி வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். "கோயிலுக்கு மெதுவாவே வா, சனிக்கிழமை டைனோவுக்கு நேரம் வாங்கி வச்சிருக்கேன்" என்றேன். வைட்பேண்டும் டைமிங் லைட்டும் என் காரின் பின்பெட்டியில் தயாராக இருக்கின்றன.