வீட்டுக் கடன் வட்டி ஏன் ஏறியது, எப்படி இறங்கியது

காட்பாடியில் வீடு வாங்க வங்கியில் கடன் கேட்டேன். விளம்பரத்தில் போட்ட வட்டியைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். பேரம் பேசிப் பயனில்லை. எங்கே ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டிக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியோடு, இணைந்தவை. ரெப்போ எல்லாருக்கும் ஒன்றே. அதற்கு மேல் வங்கி கூட்டும் சதவீதமான ஸ்ப்ரெட்டில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்: சிபில் ஸ்கோர் (பழைய கடன்களைக் கட்டிய விதத்துக்கான மதிப்பெண்), சம்பளமா தொழிலா, வீட்டு மதிப்பில் கடன் எத்தனை சதவீதம்.

சிபில் அறிக்கையை வரி வரியாகப் படியுங்கள். என் அறிக்கையில், எப்போதோ கட்டி முடித்த பைக் லோன் நிலுவை என்றே கிடந்தது. கடன் முடிந்ததற்கான சான்றான என்.ஓ.சி.யை இணைத்து சிபில் தளத்தில் டிஸ்ப்யூட் (தவறைத் திருத்தக் கோரிக்கை) போட்டு, லோன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்தேன். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பெரும்பாலோர் கேட்பதே இல்லை. திருத்திய அறிக்கை வரும்வரை வேறு வங்கிகளில் விண்ணப்பிக்க வேண்டாம், வங்கி அறிக்கையைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் பதிவாகி ஸ்கோர் இறங்கலாம்.

வீட்டு மதிப்பில் கடன் விகிதத்துக்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு: கடன் தொகை 30 லட்சம் வரை 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்குமேல் 75. பொதுவாக முத்திரைத்தாள், பதிவுச் செலவு இந்த மதிப்பில் சேராது. அதைத் தனியே எடுத்து வையுங்கள். முன்பணத்தைக் கூட்டி விகிதத்தை ஒரு படி இறக்கிவிட்டு, ஸ்ப்ரெட்டை மறுபடி கேட்டேன். குறைத்தார்கள்.