அட்வான்ஸ் வாங்கும் முன்: சிற்பிக்கும் ஓவியருக்கும் காப்பிரைட் விவரம்

குமரி மாவட்டத்து மயிலாடியில் செதுக்கி ஒரு குருசடிக்கு (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) கொடுத்த சிலை, காசு கொடுத்தவர்களுக்குச் சொந்தம். அதன் காப்பிரைட் (பதிப்புரிமை), அதாவது அதை நகலெடுக்கவும் வெளியிடவும் உள்ள உரிமை, செதுக்கிய சிற்பியிடமே இருக்கும். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 17-ம் பிரிவின் பொது விதி இது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வரையச் சொன்ன ஓவியம், எடுக்கச் சொன்ன வீடியோ ஆகியவற்றுக்கு, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். சிற்பம் அந்தப் பட்டியலில் இல்லை. போட்டோ அந்தப் பட்டியலில் இருப்பதால்தான் கல்யாண ஆல்பத்துப் படத்தை ஸ்டூடியோ வாசலில் மாட்டவோ இன்ஸ்டாகிராமில் போடவோ வீட்டாரின் சம்மதம் வேண்டும். பட்டறையில் சம்பளத்துக்கு இருப்பவரும் தொழில் பழகும் பையனும் வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குப் போகும். அரசு சொல்லிச் செய்தது அரசுக்கு.

ஆகவே ஓவியர்தான் முதலில் எழுதி வாங்க வேண்டும். பில் புத்தகத்திலேயே இப்படி எழுதினால் போதும்: 'இந்த ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியருக்கே. சுவரில் மாட்டவும், இந்த ஆண்டுத் திருவிழா நோட்டீஸில் அச்சிடவும் மட்டும் அனுமதி.' இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு அட்வான்ஸைக் கையில் வாங்குங்கள்.

உரிமையை எழுதிக் கொடுப்பதானால் எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை வருடம், எந்த ஊர்களில், எவ்வளவு தொகை என்று தனித்தனியாக வர வேண்டும். வாய்ப்பேச்சில் உரிமை மாறாது. வருடம் எழுதாமல் விட்டால் 5 வருடம், இடம் எழுதாமல் விட்டால் இந்தியா முழுவதும் என்று 19-ம் பிரிவு எடுத்துக்கொள்ளும். 'சகல உரிமைகளும்' என்ற ஒற்றை வரிதான் பின்னால் தகராறுக்கு வழி.

அதிகம் ஏமாறும் இடம் ஸ்கெட்ச். வரைந்த கோட்டுக்குக் காப்பிரைட் உண்டு, யோசனைக்குக் கிடையாது. உங்கள் ஸ்கெட்சை அப்படியே பார்த்து இன்னொருவர் செய்தால் கேட்கலாம். யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு மாதிரி செய்தால் காப்பிரைட் உதவாது. அங்கே, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பார்ப்பவர் ஒப்புக்கொள்ளும் ரகசியக் கட்டுப்பாடுதான் துணை. இதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தத்தையும் நம்பிக்கை மீறல் என்ற நீதிமன்றக் கோட்பாட்டையும் வைத்தே வழக்கு நடக்கிறது. எனவே வாட்ஸ்அப்பில் வரிசை முக்கியம். 'இது உங்கள் பார்வைக்கு மட்டும், வேறு யாருக்கும் காட்டக்கூடாது, சம்மதமா?' என்று முதலில் அனுப்புங்கள். 'சரி' என்று பதில் வந்த பிறகே படம், அதுவும் குறுக்கே பெயர் போட்ட சின்ன அளவில். படம் போன பிறகு நிபந்தனை சொல்வதில் பெரிய பலன் இல்லை. மெசேஜ் தானாக அழியும் செட்டிங்கை அணைத்து வையுங்கள்.

நாகர்கோவில் வடசேரி நகைக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை. பொருள்களின் வடிவத்தைப் பதிந்து காக்கும் டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, அச்சு வைத்து இயந்திர முறையில் 50-க்கு மேல் அடித்தால் காப்பிரைட் போய்விடும். பதிய நினைத்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் முன்பே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வெளியே காட்டிய டிசைன் புதியது ஆகாது.

கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலையைப் படம் எடுக்கலாம், வரைந்து விற்கலாம். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்துக்கு 52-ம் பிரிவு தரும் சலுகை அது. ஆனால் அதில் போட்டோவும் ஓவியமும்தான் வரும், அதைப் பார்த்துச் செய்யும் குட்டிச் சிலை வராது.

காப்பிரைட்டுக்குப் பதிவு கட்டாயம் இல்லை, சாட்சிக்கு உதவும். காப்பிரைட் அலுவலக இணையதளத்தில் கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். சரக்கின் லேபிளாகப் பயன்படும் படமானால் 2,000 ரூபாயும் டிரேட்மார்க் அலுவலகச் சான்றிதழும் வேண்டும். யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு.

யாராவது காப்பியடித்தால் முதலில் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், பிறகு வக்கீல் நோட்டீஸ். எதிராளி சென்னையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே, அதாவது குமரி மாவட்டத்தவருக்கு நாகர்கோவிலிலேயே, வழக்குப் போட 62-ம் பிரிவு இடம் தருகிறது. காப்பிரைட் உங்களுடையதுதானா என்று பார்க்காமல் மிரட்டல் நோட்டீஸ் விடாதீர்கள். ஆதாரமற்ற மிரட்டலுக்கு 60-ம் பிரிவில் நோட்டீஸ் பெற்றவர் உங்கள்மேல் நஷ்டஈடு கேட்கலாம்.