விண்டோஸ் கணினியில் உபுண்டு: கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி

பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகளுக்குப் பாடத்திற்காக யூனிக்ஸ் கருவிகள் தேவைப்பட்டன; வீட்டில் இருந்ததோ விண்டோஸ் மடிக்கணினி. யூனிக்ஸ் கருவிகளை விண்டோஸில் தரும் சிக்வின் பழகிய மென்பொருள்தான் என்றாலும், அதில் ஒவ்வொரு நிரலையும் விண்டோஸுக்கென்று மறுபடி தொகுத்தாக வேண்டும். 2019இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி), யூனிக்ஸைப் போன்ற லினக்ஸின் உண்மையான கருவையே (கெர்னல்) ஓட்டுவதால், புதியவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

பவர்ஷெல் என்னும் கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து, டபிள்யூஎஸ்எல் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளையும் அவற்றை ஒட்டி இன்ஸ்டால் என்ற சொல்லையும் சேர்த்து என்டர் விசையை அழுத்துங்கள். கணினியை மறுபடி தொடக்கியதும், இதனுடன் நிறுவப்படும் உபுண்டு என்ற லினக்ஸ் வகை பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தோன்றாது. விசைப்பலகை பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டாம்.

நான் ஓர் இரவு முழுவதும் சிக்கிக்கொண்டது இதற்குப் பிறகுதான். தமிழ்மொழி விழாவுக்கான சொற்பட்டியலை வரிசைப்படுத்த நோட்பேடில் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி உபுண்டுவில் ஓட்டியபோது, கோப்பு கண்முன்னே இருக்க, தேவையான கோப்பைக் காணவில்லை என்றே பிழைச்செய்தி வந்தது. பழைய தட்டச்சுப் பொறியில் உருளையை வரித்தொடக்கத்துக்குத் தள்ளுவதும் தாளை ஒரு வரி உயர்த்துவதும் தனித்தனி வேலைகள். விண்டோஸ் இன்றும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவ்விரண்டுக்கும் ஒவ்வொரு குறி இடுகிறது, யூனிக்ஸோ பின்னதை மட்டுமே இடுகிறது. ஸ்கிரிப்டின் முதல் வரி, அதை ஓட்ட வேண்டிய பாஷ் என்னும் நிரலைப் பெயர் சொல்லிக் காட்டும்; அந்த வரியின் கடைசியில் மிஞ்சிய முன்னைய குறியையும் லினக்ஸ் அந்தப் பெயரோடு சேர்த்துப் படித்ததால், அப்படியொரு பெயரில் எதுவும் அகப்படவில்லை. டாஸ்டுயூனிக்ஸ் என்னும் சிறு கருவியை உபுண்டுவின் மென்பொருள் நிறுவியான ஏப்ட் வழியாக நிறுவி, கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டினால் அந்தக் குறி நீங்கிவிடும். இப்போதெல்லாம் விஎஸ் கோடு என்னும் நிரல் எழுதும் செயலியில்தான் எழுதுகிறேன். அதன் வலக்கீழ் மூலையிலேயே வரிமுடிவை மாற்றிக்கொள்ளலாம்.

கோப்புகளை உபுண்டுவின் ஹோம் கோப்புறையிலேயே வையுங்கள். சி டிரைவில் இருப்பவற்றை அங்கிருந்து கையாண்டால் வேகம் குறையும்.

பிற்சேர்க்கை: 0x80370102 என்ற பிழை எண் வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைப் பாருங்கள். அங்கே வர்ச்சுவலைசேஷன் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல ஓட்டும் வசதி) முடக்கப்பட்டிருப்பதாகக் காட்டினால், கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று அதை இயக்க வேண்டும். ஏஎம்டி கணினிகளில் அது பெரும்பாலும் எஸ்விஎம் என்ற பெயரில் இருப்பதால் எளிதில் கண்ணில் படாது.