டூர் டி பிரான்ஸ்: வீரர்களின் விலகலை அட்டவணையில் அலசும் முறை

சிங்கப்பூரின் மெரினா பே வட்டாரத்தில் 2022இல் நடந்த டூர் டி பிரான்ஸ் கிரிட்டீரியத்தை (குறுகிய சுற்றுப்பாதைச் சைக்கிள் பந்தயம்) பார்த்துவிட்டு, பிரான்ஸில் நடக்கும் மூன்று வாரப் பெரும் சைக்கிள் போட்டியையும் பின்தொடரத் தொடங்கிய நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். எக்செல் தெரிந்தால் போதும்.

முதலில் மொத்தக் கணக்கு. 2021இல் 184 பேர் புறப்பட்டு 141 பேர் முடித்தனர். விலகியோர் 43 பேர், அதாவது 23.4 விழுக்காடு. 2023இல் 176 பேரில் 150 பேர் முடித்ததால் விலகல் 14.8 விழுக்காடு. புறப்படுவோர் தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், விழுக்காட்டை வைத்தே ஒப்பிட வேண்டும்.

அடுத்து, விலகிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை அமையுங்கள்: பெயர், அணி, விலகிய கட்டம் (ஒரு நாள் ஓட்டமே ஒரு கட்டம்), விலகிய வகை, காரணம், காரணம் நேர்ந்த கட்டம். முடிவுப் பட்டியலில் டிஎன்எஸ் என்றிருந்தால் அன்று புறப்படவில்லை, டிஎன்எஃப் என்றால் வழியிலேயே நின்றுவிட்டார், ஓடிஎல் என்றால் நேர வரம்புக்குள் வந்து சேரவில்லை.

‘காரணம் நேர்ந்த கட்டம்’ என்ற கடைசி நெடுவரிசையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அலசலின் உயிரே அதில்தான் இருக்கிறது. 2021இன் 9ஆம் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் கட்டத்தில் கீழே விழுந்த ப்ரிமோஷ் ரோக்லிச், காயங்களுடன் எட்டாம் கட்டம்வரை ஓட்டிவிட்டு ஒன்பதாவதில் புறப்படவில்லை. மாத்தியூ வான் டெர் போல் டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு ஆயத்தமாவதற்காக அதே நாளில் விலகினார். விரைவோட்ட வீரர் அர்னோ டெமார், ஆல்ப்ஸ் மலையிலுள்ள டீன்ய் என்ற ஊரை நோக்கிய மலையேற்றத்தில் நேர வரம்பைத் தவறவிட்டார். விலகிய கட்டத்தை மட்டும் எண்ணினால் மூவரையும் அந்த மலை வீழ்த்தியதாகத் தோன்றும். உண்மையில் இம்மூவரில் மலைக்குப் பலியானவர் டெமார் மட்டுமே. ரோக்லிச்சின் வரிசையில் விலகிய கட்டம் 9, வகை டிஎன்எஸ், காரணம் விபத்து, நேர்ந்த கட்டம் 3 என்று நிரப்ப வேண்டும்.

பிறகு பைவட் டேபிள் (வரிசைகளை வகைபிரித்து எண்ணித் தரும் எக்செல் வசதி) போட்டு, காரணம் நேர்ந்த கட்டத்தின்படி எண்ணுங்கள். அன்றாட விலகல் விகிதம் வேண்டுமானால், அதைத் தனியாக, விலகிய கட்டத்தை வைத்தே கணக்கிட வேண்டும். அன்றைய விலகலை முதல் நாள் தொகையால் வகுக்காமல், முந்தைய கட்டத்தை முடித்துப் போட்டியில் எஞ்சியிருந்தோர் தொகையால் வகுப்பதே சரி. இல்லாவிட்டால் மூன்றாம் வாரத்தின் கடுமை குறைந்து தெரியும்.

ஜூலையில் பிரான்ஸைவிடச் சிங்கப்பூர் ஆறு மணி நேரம் முந்தியிருப்பதால், அங்கே மாலையில் கட்டம் முடியும்போது இங்கே நள்ளிரவு நெருங்கிவிடும். இரவில் அணிகள் வெளியிடும் விலகல் அறிவிப்பு நமக்கு மறுநாள் தேதியில் வரும். எனவே தேதியை நம்பாமல் கட்ட எண்ணையே பதியுங்கள். அணி காரணத்தைச் சொல்லாதபோது ஊகித்து நிரப்பாமல் ‘அறிவிக்கப்படவில்லை’ என்றே எழுதி, அந்த வரிசைகளைக் காரணவாரிக் கணக்கில் தனிப்பிரிவாகக் காட்டுங்கள்.