ஊட்டியில் இருந்துகொண்டு மேக்ரோபேஜ் சோதனை செய்வது எப்படி

கிருமி வந்ததும் மேக்ரோபேஜ் (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்) எந்தப் புரதத்தை எப்போது சுரக்கிறது என்று பார்க்கப் போகிறீர்களா? கிருமிக்குப் பதிலாக எல்.பி.எஸ். ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் மட்டும் வந்து பார்க்காதீர்கள். என் மாணவர்கள் எல்லோருக்கும் முதலில் வருகிற ஆசை அதுதான்.

எல்.பி.எஸ். என்பது ஈ.கோலை போன்ற பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் கொழுப்பு-சர்க்கரைப் பொருள். செல்லின் மேலுள்ள டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பி அதைக் கண்டுகொண்டதும், என்.எஃப். கப்பா-பி என்ற புரதம் அரை மணி நேரத்துக்குள் உட்கருவுக்குப் போய் மரபணுக்களை முடுக்கிவிடும். சுரக்கும் அழற்சிப் புரதங்களில் டி.என்.எஃப். ஆல்ஃபா முந்திக்கொள்ளும். அதன் எம்.ஆர்.என்.ஏ.வை (புரதம் செய்ய உதவும் மரபணு நகலை) செல் சாதாரணமாகச் சீக்கிரமே சிதைத்துவிடும். ஆபத்து என்றால் மட்டும் கொஞ்ச நேரம் விட்டுவைத்து அதிலிருந்து புரதம் செய்துகொள்ளும். அதனால் எம்.ஆர்.என்.ஏ.வை அளக்கும் பி.சி.ஆர். காட்டுவதும் புரதத்தை அளக்கும் எலைசா காட்டுவதும் ஒத்துப்போகவில்லையே என்று பதறாதீர்கள். ஐ.எல்.-6 என்ற இன்னொரு அழற்சிப் புரதம் பின்னால்தான் ஏறும். செல் விடும் நைட்ரிக் ஆக்சைடைக் காட்டும் நைட்ரைட்டை அளக்க 24 மணி நேரம் ஆகும்.

ஆகவே 0, 2, 4, 8, 24 மணி என்று ஒவ்வொன்றுக்கும் பிளேட்டில் தனிக் குழி வையுங்கள். எல்.பி.எஸ். போடாத குழியும் ஒவ்வொரு நேரத்துக்கும் வேண்டும். ரா 264.7 (ஆய்வகத்தில் வளர்க்கும் சுண்டெலி மேக்ரோபேஜ்) செல்லுக்கு மில்லிக்கு 100 நானோகிராம் எல்.பி.எஸ். போதும். எடுத்த மீடியத்தை (செல் வளரும் திரவத்தை) சுழற்றிச் செல்களை நீக்கி, சிறு டியூப்களில் பிரித்து உறையவையுங்கள். எலைசாவுக்கு முன் டி.என்.எஃப். மாதிரியைப் பத்து மடங்காவது நீர்க்கச் செய்யுங்கள்.

இனி மலைக்கே உரிய தொல்லைகள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். இன்குபேட்டரில் 5 சதவீதம் என்று வைத்தாலும் மீடியத்தில் கரையும் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மீடியம் காரமாகி ஊதாப் பக்கம் சாயும். 6.5 சதவீதம் வைத்துப் பாருங்கள். நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலும் இதே கதை: முள் 15 பவுண்டு காட்டும்போது உள்ளே 117 டிகிரிதான் இருக்கும். 121 வேண்டுமென்றால் 18.5 வரை ஏற்ற வேண்டும். உங்கள் இயந்திரம் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள், தாங்காது என்றால் நேரத்தைக் கூட்டுங்கள். ஜனவரியில் எலைசா கிட்டில் 'அறை வெப்பநிலை' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பிளேட்டை 25 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள், இல்லையென்றால் நிறம் வரவே வராது.

தைல இலைச் சாற்றைச் சோதிக்கிறவர்கள் (இங்கே யார்தான் சோதிக்கவில்லை!) கவனிக்க வேண்டியது ஒன்று. சாற்றிலேயே எல்.பி.எஸ். கலந்திருக்கலாம், ஆட்டோகிளேவ் செய்தாலும் அது போகாது. எல்.பி.எஸ்.ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்த குழி ஒன்று வைத்தால் தெரிந்துவிடும். கண்ணாடிச் சாமான்களில் எல்.பி.எஸ். ஒட்டியிருக்காமல் இருக்க அவற்றை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வையுங்கள். சாறு பட்டு டி.என்.எஃப். குறைந்துவிட்டது என்று குதிக்கும் முன், செல் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் எம்.டி.டி. சோதனையைச் செய்துவிடுங்கள். செத்த செல் எதையும் சுரக்காது.

காலை 9 மணிக்கு எல்.பி.எஸ். போட்டால் எட்டு மணி நேர மாதிரியை மாலை 5 மணிக்கு எடுத்துவிடலாம். கோத்தகிரி பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்கு அதுதான் வசதி.