வாக்கியம் சரி, பத்தி தப்பு: மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில மொழிபெயர்ப்புகளில் எந்த வாக்கியத்திலும் இலக்கணப் பிழை இருக்காது, சொற்களும் பொருத்தமாகவே இருக்கும். ஆனாலும் பத்தியாகப் படித்தால் தடுக்கிக்கொண்டே போகும். வாக்கியத்தைப் பெயர்த்தவர், தகவல் நகரும் வரிசையைக் கவனிக்காமல் விட்டிருப்பார். வாசகருக்குத் தெரிந்ததில் தொடங்கிப் புதியதை நோக்கி வாக்கியம் போகிறது என்று விளக்கியவர், பிராக் மொழியியல் வட்டத்தை 1926-இல் தொடங்கியவர்களில் ஒருவரான வில்லெம் மாத்தேசியுஸ். எந்த வாக்கியத்தில் கை வைக்கும்போதும் இதில் எது பழசு, எது புதுசு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி ஒரு பத்தி என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அணை எழுவாயாக வரும், பின்னால் செயப்பாட்டு வினை, கடைசியில் கட்டியவர் பெயர். அப்படியே பெயர்த்தால் ‘அணை பென்னிகுவிக்கால் கட்டப்பட்டது’. காதுக்கு உறுத்துகிறதே என்று செய்வினையாக்கி, ‘பென்னிகுவிக் அணையைக் கட்டினார்’ என்று எழுதிவிடுகிறார்கள். வாக்கியம் சீராகிவிட்டது. ஆனால் அணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பத்தி, திடீரென்று ஒரு மனிதரின் கதையாகத் திரும்பிவிட்டது. தமிழில் எழுவாய் முதலில் நிற்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. யார், எதை என்பதை வேற்றுமை உருபு காட்டிவிடும். ‘அணையைக் கட்டியவர் பென்னிகுவிக்’ என்றால் அணை முன்னால் நிற்கிறது, புதுச் செய்தியான பெயர் கடைசியில் வருகிறது.

அடுத்த தவறு, நீண்ட வாக்கியத்தை உடைக்கப் பயப்படுவது. ‘மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றின் நீரை, தேனி, மதுரைப் பக்கத்து வயல்களுக்குப் பாசனம் தரும் வைகைக்குச் சுரங்கம் வழியாகத் திருப்பிவிடும் இந்த அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது.’ ஆங்கிலத்தில் விளக்கத் தொடர்கள் பெயருக்குப் பின்னால் வரும்; தமிழில் பெயரெச்சங்கள் முன்னால் அடுக்கிக்கொண்டு நிற்கும். எதைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலே வாசகர் பாதி வாக்கியத்தைச் சுமக்க வேண்டும். இப்படிப் பிரித்துப் பாருங்கள்: ‘இந்த அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் பெரியாற்று நீரை, சுரங்கம் வழியாக வைகைக்குத் திருப்பிவிடுகிறது. தேனி, மதுரைப் பக்கத்து வயல்களுக்கு வைகைதான் பாசனம்.’ முதல் வாக்கியத்தின் அணை இரண்டாவதிலும் தொடர்கிறது. இரண்டாவதில் வந்த வைகையை மூன்றாவது பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் ‘அது’ என்றுகூடப் போடவில்லை, கவனித்தீர்களா? வினைமுற்றே போதும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் வேண்டும் என்பதற்காகத் தமிழிலும் ‘அவர்... அவர்... அவர்...’ என்று அடுக்கத் தேவையில்லை.

அப்புறம், ‘மேலும்’. கூடுதலாக ஒன்றைச் சொல்லும்போதெல்லாம் வாக்கியத்தின் தலையில் இதை வைக்கும் பழக்கம் பரவிவிட்டது. எது கூடுதல் என்பது அதில் தெரிவதில்லை. ‘மதுரைக்கும் இந்த நீர் போகிறது’ என்றால் வேறு ஊர்களோடு மதுரையும் சேர்கிறது. ‘மதுரைக்கு இந்த நீரும் போகிறது’ என்றால் வேறு நீரோடு இது சேர்கிறது. ‘மேலும், இந்த நீர் மதுரைக்குப் போகிறது’ என்று எழுதினால் இரண்டில் எது என்று வாசகர்தான் ஊகிக்க வேண்டும். மூலத்தில் முந்தைய வாக்கியம் ஊர்களைப் பற்றியதா, நீரைப் பற்றியதா என்று பார்த்துவிட்டு ‘உம்’மை ஒட்டுங்கள்.